முளைப்பாரிக்குப் போலீஸ் காவல்

நான் ஒருமுறை கைதானவள். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் எங்கள் சம்பந்தியம்மா சொல்லிவிடுவார். கல்யாண வீடோ காதுகுத்தோ, பந்தியில் எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, "இவங்கதான் எங்க கார்த்தியோட மாமியார். இங்கிலாந்து போலீஸே பிடிச்சிட்டுப் போன ஆளு" என்று சொல்லி முடித்தால்தான் அவருக்கு அப்பளமே உடையும். கேட்டவர்கள் இலையை ஒரு இஞ்சு தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கோழி காணாமல் போனால்கூட ஸ்டேஷனுக்குப் போகாமல் கோயிலில் காசு வெட்டிப் போட்டு அம்மனிடம் முறையிடுகிற வம்சம். எங்கள் வீட்டுக்காரர் தலையில் ஹெல்மெட்டும் பையில் லைசென்ஸும் இருந்தாலும், தூரத்தில் காக்கிச் சட்டையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்ட மனிதரின் மனைவி, எட்டாவது வரை படித்தவள், விமானம் ஏறிப் போய்க் கைதானேன். உள்ளூரிலேயே முடித்திருக்கக்கூடிய காரியம்தான். எனக்கு எதையும் சிறுசாகச் செய்து பழக்கமில்லை.

என் மகள் கவிதாவை மதுரை கே.கே. நகரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கார்த்திக்கு இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் கம்ப்யூட்டர் வேலை; கவிதாவும் அங்கேதான். கல்யாணமான நாலு வருஷத்தில் இரண்டு தடவை அவள் வயிற்றில் தங்கி, தங்காமல் போய்விட்டது. மூன்றாவது தங்கியது. டாக்டர் விமானத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆகவே பிரசவம் பார்க்கப் போகும் பாக்கியம் எனக்கு வந்தது.

அதற்கு முன்பே எங்கள் ஊர் மாரியம்மனிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தேன். "ஆத்தா, இந்தப் பிள்ளையையாவது முழுசாக் குடு. நான் எந்த ஊருல கெடந்தாலும் பங்குனியில உனக்கு முளைப்பாரி போடுறேன்." எந்த ஊரில் கிடந்தாலும் என்று சேர்த்துச் சொன்னது என் வாய்க்கொழுப்பு. அம்மன் அதைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

முளைப்பாரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண் ஓட்டில் எருவும் மண்ணும் போட்டு நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் துளிகூடப் புகாத அறையில் வைத்து வளர்ப்போம். வெயில் படாததால் பயிர் பச்சையாக வராது. பொன் நிறத்தில் வரும். குளித்து முழுகி, பயிர் போட்டவள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்தாம் நாள் வரை ஆண்கள் பார்க்கக் கூடாது. அந்நியர் கண் படவே கூடாது. சாயங்காலம் பெண்கள் கும்மியடித்துப் பாடுவோம். பத்தாம் நாள் தலையில் சுமந்து ஊரைச் சுற்றி வந்து, தண்ணீரில் விட்டுவிடுவோம். பயிர் செழித்தால் குடும்பம் செழிக்கும். அழுகினாலோ, நடுவில் யார் கண்ணாவது பட்டாலோ... அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

இதை எங்கள் ஊரில் செய்ய ஓர் இருட்டறை போதும். இங்கிலாந்தில் செய்யத்தான் என் மூளை தேவைப்பட்டது.

ஊரிலிருந்து விதை கொண்டுவர அனுமதி இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அங்கே ஓர் இலங்கைக் கடையில் தானியம் வாங்கினேன். அதை வீடியோ காலில் எங்கள் பூசாரியிடம் காட்டினேன். அவர் அங்கிருந்தே திருநீறு போட்டு (போன் மேல்தான்), "நல்லா இருக்கு தாயி, போடு" என்றார். மாட்டுச் சாணம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை குதிரைச் சாண உரம் ஆறு மூட்டை வாங்கி வந்து மாடிக்குத் தூக்கினார். மாடியில் இருந்த சின்ன அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புக் குப்பைப் பைகளை டேப் போட்டு ஒட்டினேன். பங்குனி மாதம் அங்கே வெளியே வெண்பனி விழுகிறது. அந்தக் குளிரில் எந்தப் பயறு முளைக்கும்? ஆகவே இரவு பகலாக ஒரு ஹீட்டர். கதவுக்குப் புதுப் பூட்டு. சாவி என் தாலிச் சங்கிலிப் பின்னூக்கில். தினமும் இரண்டு வேளை சாம்பிராணி. கும்மியடிக்க ஆள் இல்லாததால் நானே கீழே ஹாலில் ஒரு நாற்காலியைச் சுற்றி வந்து கும்மியடித்தேன்.

இப்போது இதையே எதிர்வீட்டுக்காரர் கண்ணால் பாருங்கள். புதிதாக ஒரு பெண்மணி வந்திருக்கிறார். வந்த இரண்டாம் நாள் ஆறு மூட்டை உரம் மாடிக்குப் போகிறது. ஜன்னல் கறுப்பாகிறது. தெருவில் எல்லார் வீட்டுக் கூரையிலும் காலையில் பனி படிந்திருக்க, இந்த வீட்டுக் கூரையில் மட்டும் ஒரு மூலை உருகிச் சொட்டுகிறது. கதவிடுக்கில் வாசனைப் புகை வருகிறது. சாயங்காலம் அந்தப் பெண்மணி தனியாக ஒரு நாற்காலியைச் சுற்றிக் கைதட்டி ஆடுகிறார்.

எங்கள் ஊராக இருந்தால் எதிர்வீட்டுக்காரி முதல் நாளே வந்து, "என்னக்கா, மாடியில என்னா புழக்கம்?" என்று கேட்டிருப்பாள். அந்த நாட்டில் பண்பாடு அதிகம். அடுத்த வீட்டு விஷயத்தை வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள். நேரே போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள்.

ஜன்னலை மூடி, சூடு வைத்து, வீட்டுக்குள் ரகசியமாகக் கஞ்சா வளர்ப்பது அங்கே பெரிய தொழில் என்பது எனக்கு எப்படித் தெரியும்? (மாப்பிள்ளைக்குத் தெரியும். "எனக்கும் தோணுச்சு அத்தை, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்று பின்னால் இழுத்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. அந்த மரியாதைதான் என்னை உள்ளே தள்ளியது.)

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு மணி அடித்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். பனைமரம் போல ஓர் இளவயதுப் போலீஸ்காரர். கூட ஒரு பெண் போலீஸ். இருவரும் சிரித்தபடி வணக்கம் சொன்னார்கள். போலீஸ் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கவிதா அவர்களிடம் பேசிவிட்டு வெளுத்த முகத்தோடு என்னிடம் வந்தாள்.

"ம்மா, மாடி ரூமைப் பாக்கணுமாம்."

"எதுக்கு?"

"நாம கஞ்சா வளக்குறோம்னு சந்தேகப்படுறாங்கம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மாரியாத்தாளுக்குப் பயறு போட்டிருக்குன்னு சொல்லுடி."

சொன்னாள். பெண் போலீஸ் தலையாட்டி ஏதோ கேட்டார்.

"பயறுதான்னா தெறந்து காட்டுங்கன்னு சொல்றாங்கம்மா."

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. அன்று கிடைத்த பதில், நான் விறுவிறுவென்று மாடி ஏறி, அறைக் கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றதுதான்.

"பத்தாம் நாள் வரைக்கும் எவனும் பாக்கக் கூடாது! அதுலயும் ஆம்பளை, பூட்ஸ் காலோட! என் மக வயித்துல பிள்ளை இருக்குயா!"

"ம்மா, தெறந்து விடும்மா. ஒரு நிமிசம்தான்."

"நீ பேசாதடி. ரெண்டு தடவை என்னா ஆச்சுன்னு மறந்துட்டியா?"

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் மனசில் இருந்தது அது ஒன்றுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது பயறு இல்லை, என் மகள் பிள்ளை.

பெண் போலீஸ் பொறுமையாக மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். நடந்த பேச்சைக் கவிதா பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"உங்கள் வீட்டு மாடி அறையில் என்ன இருக்கிறது?"

"எனக்குத் தெரியாது."

"வீடு உங்கள் பெயரில்தானே வாடகைக்கு எடுத்திருக்கிறது?"

"ஆமாம். ஆனால் என்னை அந்த அறைக்குள் விடுவதில்லை."

"யார் விடுவதில்லை?"

"என் மாமியார்."

பெண் போலீஸ் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூட்டத்தின் தலைவியைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை அது. பனைமரம் என்னைச் சுற்றிப் போய்ப் பூட்டைத் தொட நீட்டிய கையை நான் தட்டிவிட்டேன். (லேசாகத்தான். அவர்கள் எழுதிய காகிதத்தில் அது லேசாக இல்லை.)

அப்போது அந்தப் பெண் போலீஸ் மனப்பாடச் செய்யுள் போல ஒன்றைச் சொன்னார். கவிதா அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். "உன்னய அரெஸ்ட் பண்றாங்கம்மா. நீ எதுவும் பேச வேண்டியதில்லையாம்." இருபத்தெட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் கெஞ்சிக் கேட்டு நடக்காத காரியம் அது. அந்த நாட்டில் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிறைமாசக்காரி முன்னால் கதவை உடைக்க அவர்களுக்கு மனசில்லை. முறைப்படி ஆள் வரும்வரை அந்தப் பனைமரம் கதவருகிலேயே நிற்பது என்றும், நான் பெண் போலீஸோடு ஸ்டேஷனுக்குப் போவது என்றும் ஏற்பாடாயிற்று. ஆக, எங்கள் ஊர் மாரியம்மன் முளைப்பாரிக்கு இங்கிலாந்து அரசாங்கம் காவல் நின்றது. ஊரில் எந்த நாட்டாமை வீட்டு முளைப்பாரிக்கும் கிடைக்காத மரியாதை.

ஸ்டேஷனில் என் உடம்பில் இருந்ததையெல்லாம் பட்டியல் எடுத்தார்கள். வளையல் எட்டு, மெட்டி இரண்டு. தாலிச் சங்கிலிக்கு வந்ததும் எழுதிக்கொண்டிருந்த பெண் திகைத்துவிட்டார். அதில் பின்னூக்கு மட்டும் ஏழு தொங்கியது. கூர்மையான ஆயுதம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பையில் போட்டார். மருதாணிக் கை, மஞ்சள் முகம், கழுத்தில் ஏழு ஊக்கு. பயங்கரவாதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ஊக்கில் தொங்கிய சாவியை மட்டும் நான் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாலியைக் கழற்றச் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த பெரிய அதிகாரியே எழுந்து வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மேஜை மேலிருந்த போனில் தமிழ்க் குரல் கேட்டது.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

யாழ்ப்பாணத்துப் பெண். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கின மாதிரி இருந்தது. "தாயி, நீ எங்கிட்டு இருக்க? இவங்க தாலியைக் கழட்டச் சொல்றாங்க பாரு!" என்றேன். அவள் அதிகாரியோடு பேசினாள். தாலி தப்பியது.

அரசாங்கமே இலவசமாக ஒரு வக்கீலையும் கொடுத்தது. சின்ன வயசுக்காரர். போன் பெண் மூலமாக எனக்குச் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. "எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாதேங்கோ." நல்ல யோசனைதான். ஆனால் டீயைக் கையில் கொடுத்து உட்காரவைத்து ஒருத்தி மரியாதையாகக் கேள்வி கேட்கும்போது, எங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது திமிர். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"இதை வளர்க்கச் சொன்னது யார்?" என்று கேட்டார் பெண் போலீஸ்.

"யாரும் சொல்லல. சாமிக்கு நேந்துகிட்டேன்."

"சாமி பெயரைச் சொல்லி வளர்ப்பவர்கள் இதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள். சட்டம் அதை ஏற்காது. இதில் வேறு யாருக்குப் பங்கு?"

"பூசாரிக்குத்தான். ஊருல இருந்து தெனமும் போன் போட்டு, 'எம்புட்டு உசரம் வந்திருக்கு?'ன்னு கேப்பாரு."

பெண் போலீஸ் எழுதுவதை நிறுத்தி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமாக இதைச் செய்கிறீர்கள்?"

"வயசுக்கு வந்ததுல இருந்து. எங்கம்மா பழக்கிவிட்டது."

"உங்கள் ஊரில் வேறு யாரெல்லாம்?"

"வீட்டுக்கு ஒருத்தி."

"வளர்ந்த பிறகு?"

"கூட்டமாப் போயி தண்ணில விட்டுருவோம். ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டோம்."

"இது உங்கள் ஊர்ப் போலீஸுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? பந்தோபஸ்துக்கே அவங்கதான வாராங்க!"

அந்த யாழ்ப்பாணத்துப் பெண், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னாள். (ஒரு கிராமம் முழுவதும், போலீஸ் பாதுகாப்போடு, தலைமுறை தலைமுறையாக. அந்த அதிகாரியின் உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய வழக்கு வந்திருக்காது.)

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்து பெண் போலீஸின் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறியது. போனைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"அம்மா," என்றாள் போன் பெண். அவள் குரலும் மாறியிருந்தது. "பயப்பிடாதேங்கோ. உங்கட மகளுக்கு வலி வந்திட்டுதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினமாம்."

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

எழுந்து ஓடப் பார்த்தேன். ஓடினால் எங்கே போவது? கதவு பூட்டியிருந்தது. "என்னய விடச் சொல்லு தாயி, அவளுக்கு என்னைய விட்டா ஆரு இருக்கா" என்று கத்தினேன்.

"அறையைப் பாக்காமல் விட ஏலாதாம். பூட்டை உடைக்கிற ஆக்கள் வர இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஆகுமாம். சாவி குடுத்தால் இப்பவே முடிஞ்சிடுமாம்."

சாவி என் கைக்குள் இருந்தது. உள்ளங்கையில் அதன் பல் பதிந்து சிவந்திருந்தது.

சாவியைக் கொடுத்தால் பயிரில் அந்நியர் கண் படும்; பட்டால் மகளுக்கு ஆகாது. கொடுக்காவிட்டால் மகள் அங்கே தனியாகக் கிடந்து துடிப்பாள். இரண்டு தடவையும் அவள் தனியாகத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு தடவையும் நான் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு, "ஆத்தா, நீ பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பக்கத்திலேயே வந்துவிட்டேன். வந்து என்ன செய்தேன்? பயறுக்குக் காவல் இருக்கிறேன். பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு புத்திசாலியை அம்மனே பார்த்திருக்க மாட்டாள்.

சாவியை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கினேன். நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் நான் யார்?

"பொம்பளைதான் போகணும். இந்த அம்மாவே போகட்டும். பூட்ஸைக் கழட்டிட்டுக் காலைக் கழுவிட்டுப் போகணும். பாத்ததும் கதவைச் சாத்திரணும். அப்புறம் தாயி... அவங்க தலைக்கு ஊத்தி இன்னைக்கு எத்தனாவது நாளுன்னு ஒரு வார்த்தை கேளு."

"அதைக் கேக்க ஏலாது அம்மா."

"கூட்டாமக் குறைக்காமச் சொல்லுவேன்னியே?"

"அம்மா!" என்றாள் கெஞ்சலாக. "அம்மனுக்கு எல்லாம் விளங்கும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அம்மனுக்கும் எனக்கும் இடையில் அவளை எதற்கு மாட்டிவிட வேண்டும்?

பெண் போலீஸ் போய்த் திரும்பி வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் போன் பெண் வைக்காமல் இருந்தாள். அவளுக்கு அது வேலை நேரம். சொந்தக் கதை பேசக் கூடாது. பேசவில்லை. "இருக்கிறன் அம்மா" என்று மட்டும் அவ்வப்போது சொன்னாள். நான் மாரியம்மன் தாலாட்டைத் தெரிந்த வரைக்கும் பாடினேன். மறந்த இடத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பெண் போலீஸ் வந்தார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, நிறையப் பேசினார். எங்கள் ஊர்ப் பேச்சுப் போட்டியில்கூட அவ்வளவு நேரம் ஒருவர் பேசி நான் பார்த்ததில்லை.

"அம்மா, பிழை ஒண்டும் இல்லையாம். பொன் நிறத்தில, ஒரு சாணுக்கு மேல வளந்து நிக்குதாம். அவ இப்பிடி ஒரு பயிரைக் கண்டதே இல்லையாம். கஞ்சாவுக்கு வெளிச்சம் வேணுமாம், இருட்டில வராதாம். கதவை ஒரு விரல் அகலம் திறந்து காட்டியிருந்தாலே அவை போயிருப்பினமாம்."

ஒரு விரல் அகலம்.

"வேற ஒண்டு கேக்கிறா. வாடின மாதிரிக் கிடந்ததெண்டு, பக்கத்தில செம்பில இருந்த தண்ணியைக் கையால தெளிச்சு விட்டாவாம். அது பிழையோ எண்டு கேக்கிறா."

காலையிலிருந்து அழாத நான் அப்போது அழுதேன். அன்று மதியம் தண்ணீர் தெளிக்க ஆளில்லையே என்று என் அடிமனசு அரித்துக்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "பிழையில்ல, பிழையில்ல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போன் பெண்ணோடு சேர்ந்து எனக்கும் யாழ்ப்பாணத் தமிழ் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏழு பின்னூக்கையும் எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். போலீஸ் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நான் நடக்க, பெண் போலீஸ் பக்கத்தில் வந்தார். நடைபாதையில் இருந்தவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். பிரசவ அறை வாசலில் நின்ற மாப்பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டு, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

கவிதா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "ஜாமீன் கெடச்சிருச்சாம்மா?" என்றாள்.

"வாயாடாதடி, முக்கு" என்றேன்.

கையைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது. அந்தி சாயும் நேரத்தில் பேத்தி பிறந்தாள். முழுசாக, கறுகறுவென்ற முடியோடு, என்னைப் போலவே பெரிய வாயோடு.

மறுநாள்தான் முழுக்கதை தெரிந்தது. வலி வந்தபோது வீட்டில் கவிதாவும் கதவுக்குக் காவல் நின்ற பனைமரமும்தான். அவர் தோளில் இருந்த வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்ல, எட்டு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம். பனிக்குடம் சீக்கிரமே உடைந்திருந்ததாம். தாமதித்திருந்தால் சிக்கல் என்று டாக்டர் சொன்னாராம். நான் வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? "சூட்டு வலியா இருக்கும், சுக்குத்தண்ணி குடி" என்றிருப்பேன். போனை எடுத்தால் எந்த நம்பரை அழுத்துவது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆத்தா எல்லாவற்றையும் கணக்காகத்தான் செய்திருக்கிறாள். நான் உதவாத இடத்திலிருந்து என்னைக் கிளப்பி, உதவுகிற ஆளை அங்கே நிறுத்தியிருக்கிறாள். (கொஞ்சம் மரியாதையாகக் கிளப்பியிருக்கலாம். அது அவளுக்கும் எனக்கும் உள்ளது.)

எங்கள் வீட்டுக்காரர் போனில் பேத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இங்க வந்து என்னயப் பிடிக்க மாட்டாங்கள்ல?" என்றார். பூசாரி ஒரு மாதம் வெளியூர் எங்கும் போகவில்லை.

பத்தாம் நாள் பூங்காவுக்குப் பின்னால் ஓடிய சிற்றாற்றில் முளைப்பாரியை விட வேண்டும். மாப்பிள்ளை அதற்குப் போலீஸ், நகராட்சி, பூங்காக்காரர், ஆற்றுக்குப் பொறுப்பானவர் என்று நாலு பேருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். விடுவது மக்குகிற பயறுச்செடிதான் என்பதற்குப் படம் வேறு வைத்தார். நான் தலையில் சுமந்து போனேன். அந்தப் பெண் போலீஸ் சாதாரண உடுப்பில் வந்திருந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு என் பின்னால் நடந்து வந்தார். எதிர்வீட்டுக்காரரும் வந்தார். அவருக்கும் ஒரு பிடி பயிர் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். இன்னும் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் கவிதாவுக்கு இரண்டாவது பிரசவம். விசா மனுவில், இதற்கு முன் கைதானதுண்டா, கைதாகியிருந்தால் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். மதுரையில் அதை நிரப்பிக் கொடுத்த பையன் "முளைப்பாரி" என்று எழுதிவிட்டு, என்னை ஒருமுறையும் மனுவை ஒருமுறையும் பார்த்தான். அதிசயம், விசா வந்தது.

இந்தத் தடவை நான் புத்திசாலியாகிவிட்டேன். நேர்த்திக்கடனை ஊருக்கு வந்தே செலுத்துகிறேன் என்று அம்மனிடம் தெளிவாகப் பேசிவிட்டுத்தான் கிளம்பினேன். அது மாப்பிள்ளைக்குத் தெரியாது. போய் மாடி ஏறிப் பார்த்தால், அந்தச் சின்ன அறைக்குக் கதவே இல்லை. வெறும் நிலை மட்டும் நிற்கிறது.

"என்ன மாப்ள, கதவு எங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கு அத்தை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்து அறைக்கும் இல்லை. அலமாரிக்கும் இல்லை. குளியலறைக்கு மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்திருந்தார். மூன்று மாதம் இருந்தேன். ஒரு கதவும் ரிப்பேர் முடிந்து வரவில்லை. நான் ஊர் திரும்பிய மறுநாள் எல்லாம் வந்துவிட்டதாகக் கேள்வி.

இந்தக் கதை கே.கே. நகர் வழியாக எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் கோயிலில் நான் கண்ணை மூடி உதட்டை அசைக்க ஆரம்பித்தால் போதும், எங்கள் வீட்டுக்காரர் என் காதுக்குள் வந்துவிடுகிறார்.

"எதையாச்சும் நேந்துகிறதா இருந்தா இப்பவே சொல்லிருடி. நம்ம வீட்டுக் கதவு தேக்கு. கழட்ட நாலு ஆளாவது வேணும்."